ஐயாயிரம் ரூபாய்க்குள் ரெட்ரோ வாட்ச், அதற்கேற்ற வார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பாணி வாட்ச் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் காசையெல்லாம் வாட்ச்சிலேயே போட்டுவிட்டு, வாருக்கு மிச்சம் மீதியை ஒதுக்குகிறார்கள். என் கட்சி நேர் எதிர். வாட்ச் மலிவாகவே இருக்கட்டும்; அதற்குப் பொருந்துகிற நல்ல வார் இரண்டு மூன்று இருக்கட்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தச் சாய்வோடு எழுதியவைதான்.

ரெட்ரோ என்றால் பழைய வாட்ச்சா, பழசு மாதிரி இருக்கும் புது வாட்ச்சா?

இரண்டையும் அப்படித்தான் சொல்கிறார்கள். கடையில் 'வின்டேஜ்' என்று அட்டை போட்டு விற்பது அனேகமாகப் புது வாட்ச், பழைய முகம். சில மாடல்கள் விற்பனையை விட்டுப் போகவே இல்லை, காலம்தான் மாறிவிட்டது. கேசியோவின் எஃப்-91டபிள்யூ அப்படிப்பட்டது.

மலிவு விலையில் கிடைப்பவற்றை மூன்று காலமாகப் பிரித்துக்கொள்ளலாம். சாவி கொடுக்கும் 1960-களின் சிறிய வட்ட டயல், 1970, 80-களின் டிஜிட்டல், அப்புறம் 80, 90-களில் மாப்பிள்ளை கையில் மின்னிய தங்க நிறச் செயின் வாட்ச். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ வெளியிட்ட ஆஸ்ட்ரான்தான் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் அங்கிருந்து கிளம்பியது. கேசியோ தன் முதல் டிஜிட்டல் வாட்ச்சான கேசியோட்ரானை 1974-இல் கொண்டுவந்தது. இன்று ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் டிஜிட்டல் வாட்ச்சுகளின் சாயல் அந்தப் பத்தாண்டில் உருவானது.

முதல் வாட்ச். கேசியோவின் எஃப்-91டபிள்யூவா, ஏ158-ஆ?

உள்ளே இரண்டும் ஒன்று. இரண்டிலும் ஓடுவது 593 என்ற அதே இயந்திரம்: அலாரம், மணிக்கு ஒருமுறை பீப், ஸ்டாப்வாட்ச், ஓரத்தில் மினுக்கும் ஒரு சின்ன விளக்கு. மாதத்துக்கு 30 நொடி முன்பின் போகலாம். சிஆர்2016 செல் ஒன்று ஏழு ஆண்டு வரும் என்று கேசியோ சொல்கிறது.

வித்தியாசம் உடம்பில். 1989-இல் வந்த எஃப்-91டபிள்யூ முழுக்க ரெசின் என்ற பிளாஸ்டிக், எடை 21 கிராம். கையில் இருப்பதே மறந்துபோகும். ஏ158-இல் ஸ்டீல் செயின் இருப்பதால் எடை இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: செயின்தான் ஸ்டீல், கேஸ், அதாவது வாட்ச்சின் உடல், ஸ்டீல் இல்லை. ரெசின் மேல் குரோம் பூச்சு. மேசையில் உரசி உரசி ஓரங்களில் பூச்சு தேயும். தேய்ந்ததைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது.

ஆபீஸுக்கும் கல்யாணத்துக்கும் போட வேண்டுமென்றால் ஏ158. வண்டி ஓட்டி, வேலை செய்து, மழையில் நனைந்து போட வேண்டுமென்றால் எஃப்-91டபிள்யூ. வார் மாற்றி மாற்றிப் போடும் ஆசை இருந்தாலும் எஃப்-91டபிள்யூதான்.

ஏ168-க்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். எஃப்-91டபிள்யூவின் விளக்கு ஒரு மூலையை மட்டும் காட்டும். நள்ளிரவில் மணி பார்த்தால் பாதி எண் தெரியும், மீதியை ஊகிக்க வேண்டும். ஏ168-இல் எலக்ட்ரோலூமினசன்ட் தகடு இருப்பதால் திரை முழுக்க நீலப்பச்சையாக ஒளிரும். கேஸும் சற்றுப் பெரிது, 36 மி.மீ.க்கு மேல்.

தங்க நிற ஏ168 பற்றி ஒரு வார்த்தை. படத்தில் பார்த்தால் பளபளவென்று கூச்சமாக இருக்கும். ஆனால் நம் நிறத்துக்கும், வெள்ளை வேட்டி சட்டைக்கும் அது கச்சிதம். ஜீன்ஸுக்குத்தான் ஒட்டாது. மெல்லிசு பிடிக்கும் என்றால் ஏ700 பாருங்கள், கனம் வெறும் 6 மி.மீ. சட்டைக் கைக்குள் தடங்கலில்லாமல் போய்விடும்.

உலக வரைபடம் போட்ட கேசியோ ஏஇ-1200 எப்படி?

விலைக்கு இவ்வளவு வசதி வேறு எதிலும் இல்லை. 48 ஊர் நேரம், ஐந்து அலாரம், 100 மீட்டர் நீர்த்தடுப்பு, பத்து ஆண்டு செல். துபாயிலோ சிங்கப்பூரிலோ வீட்டார் இருந்தால் உலக நேரம் நிஜமாகவே உதவும். குறை என்னவென்றால் பருமன். நீளவாக்கில் 45 மி.மீ., கனம் 12.5 மி.மீ. ஒல்லியான மணிக்கட்டில் பெட்டி கட்டியது போல நிற்கும். கூடவே வரும் ரெசின் வார் சுமார்தான். 18 மி.மீ. நைலான் போட்டதும் வாட்ச் ஆளே மாறிவிடும்.

முள் வைத்த வாட்ச்சில் மலிவாக என்ன இருக்கிறது?

கேசியோவிலேயே நிறைய. எம்க்யூ-24 என்று ஒரு சின்ன ரெசின் வாட்ச், மூன்று முள், தேதிகூடக் கிடையாது, பரீட்சை ஹாலுக்கென்றே செய்தது போல. செவ்வக டயல் வேண்டுமென்றால் வி007 வரிசை. 1917-இல் கார்ட்டியே வடிவமைத்த 'டேங்க்' வாட்ச்சின் தூரத்துச் சொந்தம். எம்டிபி-1302 வரிசையில் டயலைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டிய வளையம் இருக்கும். ரோலக்ஸ் டேட்ஜஸ்ட்டை நினைவூட்டும், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

டைமெக்ஸின் வீக்கெண்டர் 38 மி.மீ., பெரிய எண்கள், வாருக்கென்றே செய்த வாட்ச். ஆனால் நொடி முள்ளின் டிக் டிக் சத்தம் அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும். தூக்கம் லேசானவர்கள் வேறு அறையில் கழற்றி வைக்க வேண்டியிருக்கும்.

அதே நிறுவனம் 1979-ஆம் ஆண்டின் க்யூ மாடலை 2019-இல் மறுபடி வெளியிட்டது. பின்னால் காசு வைத்துத் திருகித் திறக்கும் செல் மூடி உட்பட அப்படியே. 34 மி.மீ. மார்லின் சாவி கொடுக்கும் வாட்ச், அது 2017-இல் திரும்பி வந்தது. இரண்டும் அழகு, இரண்டும் நம் ஐயாயிரம் எல்லைக்கு வெளியே.

எச்.எம்.டி. வாட்ச் இப்போதும் வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவன உதவியோடு வாட்ச் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், ஜவான் என்று பெயர் வைத்து நாடு முழுக்கக் கொடுத்தார்கள். எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. மூடுகிறார்கள் என்ற செய்தி பரவிய பிறகுதான், வீட்டில் அலமாரி மூலையில் கிடந்த ஜனதாவை எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள்.

ஜனதா 35 மி.மீ. அளவில், உள்ளே இயந்திரம் தேயாமலிருக்க 17 கல் வைத்த, சாவி கொடுக்கும் வாட்ச். தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். இறுகுவது விரலில் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் முறுக்கக் கூடாது. ஒரு நாளில் அரை நிமிடம் முன்பின் போனால் கவலைப்பட வேண்டாம், அந்த வயதுக்கு அது ஒழுங்கான ஓட்டம். ரயிலைப் பிடிக்க மட்டும் போனைப் பாருங்கள்.

இனி சிக்கலுக்கு வருவோம். இணையத்தில் 'புத்தம் புதிது போல' என்று விற்கும் எச்.எம்.டி.க்களில் பாதிக்கு மேல் டயல் மறுபடி பெயின்ட் அடித்தவை என்று வைத்துக்கொண்டே தேடுங்கள். சேகரிப்பவர்கள் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். பழைய இயந்திரம், வேறொரு வாட்ச்சின் கேஸ், புதிதாக அச்சடித்த டயல், எங்கிருந்தோ வந்த முள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. படத்தைப் பெரிதாக்கி எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். மூல அச்சில் கோடு கூர்மையாக நிற்கும், மறு அச்சில் மை பரவி எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் சீரான இடைவெளியில் இல்லாமல் ஒன்றிரண்டு நகர்ந்திருக்கும். ஆரஞ்சு, மயில் நீலம், கிளிப்பச்சை டயலில் பைலட் என்று எழுதியிருந்தால் மேலே பார்க்கவே வேண்டாம். பின்மூடி பழசாகக் கீறியிருக்க, டயல் மட்டும் நேற்று வாங்கியது போல் பளிச்சென்று இருந்தாலும் அதே கதைதான்.

அதற்காக மறுபெயின்ட் வாட்ச்சை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஓடுகிறது, பார்க்கப் பிடித்திருக்கிறது, விலை குறைவு என்றால் வாங்கிக் கட்டுங்கள். அசல் விலை கொடுத்து வாங்காமல் இருந்தால் சரி. எல்லாவற்றையும்விட நல்ல வழி, தாத்தாவின் வாட்ச் எங்கே போனது என்று வீட்டில் கேட்பது. ஊரில் வயதான வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவர் இன்னும் கடை திறக்கிறார் என்றால், பிரித்துத் துடைத்து எண்ணெய் போட அவரிடம் கொடுங்கள். ஓடாமல் கிடந்ததில் எண்ணெய் இறுகியிருக்கும், அதோடு சாவி கொடுத்து ஓட்டிப் பார்த்தால் பல்சக்கரம் தேயும்.

டைட்டன்?

டாடாவும், தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான நம் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கியது, ஆலை ஓசூரில். அதன் பெயரிலேயே தமிழ்நாடு பாதி இருக்கிறது. 90-களின் மெல்லிய தங்க நிற டைட்டன் குவார்ட்ஸ் வாட்ச்சுகள் பழைய சாமான் விலைக்குக் கிடைக்கின்றன. செல் மாற்றினால் பல ஓடிவிடும். சேகரிப்பவர்கள் பார்வை இன்னும் இந்தப் பக்கம் முழுசாகத் திரும்பவில்லை என்பதால் போலித் தொல்லையும் குறைவு.

என் கைக்கு எந்த அளவு?

மணிக்கட்டை நூலால் சுற்றி, நூலை அளவுகோலில் வையுங்கள். 16 செ.மீ.க்குக் கீழே என்றால் 34 முதல் 37 மி.மீ. வரை. 17-ஐத் தாண்டினால் 40 வரை போகலாம். டயலின் அகலத்தைவிட மேலிருந்து கீழ் நீளம் முக்கியம். வாரைப் பிடிக்கும் முனைகள் மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டினால் எவ்வளவு நல்ல வாட்ச்சும் இரவல் வாங்கியது போலத் தெரியும். அந்தக் கால ஆண்கள் வாட்ச் எல்லாமே சிறிசுதான். 42 மி.மீ. வாட்ச்சில் பழைய எழுத்து மட்டும் போட்டு 'ரெட்ரோ' என்று விற்றால் எனக்கு ஏனோ மனம் ஒப்புவதில்லை.

வார் வாங்க எந்த அளவைச் சொல்ல வேண்டும்?

வாட்ச்சின் விட்டத்தைச் சொன்னால் பயனில்லை. வாரைப் பிடிக்கும் இரு முனைகளை லக் என்பார்கள். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் வார் அளவு. பழைய வாரைக் கழற்றி, உள்பக்கமாக அளவுகோல் வைத்துப் பாருங்கள். பொதுவாக 16, 18, 20, 22 என்று வரும்.

நான் சொல்லும் யோசனை: எல்லாமே 18-இல் வாங்குங்கள். எஃப்-91டபிள்யூ, ஏ158, ஏ168, ஏஇ-1200, எச்.எம்.டி. ஜனதா, டைமெக்ஸ் க்யூ எல்லாம் 18 மி.மீ.தான். வாட்ச் மூன்று, வார் நான்கு வைத்திருந்தால் பன்னிரண்டு விதமாகக் கட்டலாம். நடுவில் ஒரு 20 நுழைந்தால் அதற்கென்று தனியாக ஒரு குடித்தனம் நடத்த வேண்டும். ஒற்றைப்படை அளவிலும் சில வாட்ச்சுகள் உண்டு. ஓரியன்ட் பாம்பினோவின் 40.5 மி.மீ. மாடலுக்கு 21 வேண்டும், கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். 20-ஐப் போட்டால் இரு பக்கமும் இடைவெளி தெரியும், 22-ஐத் திணித்தால் ஓரம் சுருங்கும்.

எந்த வாட்ச்சுக்கு எந்த வார்?

முதலில் கனத்தைப் பாருங்கள், நிறம் அப்புறம். 8 மி.மீ. கனமுள்ள எஃப்-91டபிள்யூவுக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த 4 மி.மீ. தோல் வார் போட்டால் வார்தான் வாட்ச் போலத் தெரியும். மெல்லிய வாட்ச்சுக்கு 2 மி.மீ.யைத் தாண்டாத வார்.

எஃப்-91டபிள்யூவுக்கு ஆலிவ் பச்சை அல்லது சாம்பல் நிற நைலான். டயலைச் சுற்றி ஓடும் நீலக் கோட்டுக்கு ஈடாகக் கருநீலமும் எடுக்கும். ஏ158, ஏ168 இரண்டையும் செயினோடு விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் தையல் தெரியாத கறுப்புத் தோல், வெள்ளி நிற பக்கிள். பக்கிளின் நிறம் கேஸின் நிறத்தோடு போக வேண்டும். தங்க நிற வாட்ச்சில் வெள்ளி பக்கிள் ஒன்று போதும், ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும்.

வெள்ளை டயல் ஜனதாவுக்கு அடர் பழுப்புத் தோல், ஓரத்துக்கு வர வர ஒடுங்கும் வார்: லக்கில் 18, பக்கிளில் 16. பழைய ஸ்டூடியோ போட்டோக்களில் கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் கைகளில் இருப்பது இந்த வடிவம்தான். கறுப்பு டயல் பைலட்டுக்குக் காக்கி கேன்வாஸ். செவ்வக வி007-க்கு முதலை வரி அச்சிட்ட கறுப்பு அல்லது தேன் நிறம். வீக்கெண்டருக்குக் கோடு போட்ட எந்த நைலானும் சரி, அதில் தப்பே பண்ண முடியாது.

நேட்டோ வார் என்கிறார்களே, அது என்ன?

வாரைப் பிடிக்கும் சின்னக் கம்பிகளைப் பின் என்பார்கள்; ஒரே நீளத் துணியாக அந்த இரு பின்களுக்கும் அடியில் நுழைந்து வரும் நைலான் வார் இது. 1973-இல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் தன் சிப்பாய்களுக்காக வகுத்த தரத்திலிருந்து வந்தது. அன்று நிறம் சாம்பல், அகலம் 20 மி.மீ. ஒரு பின் கழன்றாலும் வாட்ச் கீழே விழாது, இன்னொரு பின்னில் தொங்கும். துணி வாட்ச்சுக்கு அடியிலும் போவதால் ஒன்றரை மி.மீ.யாவது உயரம் கூடும். ஏற்கெனவே தடித்த ஏஇ-1200-க்கு, அடியில் ஒரே மடிப்பு வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர் வெயிலுக்குத் தோல் வார் தாங்குமா?

சென்னையில் சித்திரை, வைகாசியில் தாங்காது. வியர்வை உப்பு தோலில் ஊறி, உள்பக்கம் கறுத்து, வாடை வந்து, பின் மாட்டும் இடத்தில் வெடிக்கும். ஒரே தோல் வாரைத் தினமும் கட்டாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டினால் ஆயுள் நன்றாகவே கூடும். கழற்றியதும் மூடிய டப்பாவில் வைக்காதீர்கள், காற்றாட விடுங்கள். வெயிலில் காய வைப்பதும் கூடாது, மொறமொறவென்று ஆகிவிடும்.

உள்ளே முத்திரை குத்திய 'ஜெனுயின் லெதர்' என்ற சொல்லை நம்பி விலை கொடுக்க வேண்டாம். தோல்தான் என்பதற்கு மேல் அது எதற்கும் உத்தரவாதமில்லை. பல நேரம் மெல்லிய தோலின் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். வளைத்துப் பாருங்கள்: நல்ல தோலில் நுண்ணிய சுருக்கம் விழுந்து மறையும், பூசியதில் கோடு அப்படியே நிற்கும். தாவரப் பதனிட்ட தோல் கிடைத்தால் விடாதீர்கள். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட ஊர்கள் நம்முடையவை. திருச்சி, திண்டுக்கல் பக்கத்து ஈஸ்ட் இந்தியா லெதருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. தோல் வேலை தெரிந்தவரிடம் பழைய வாரை மாதிரிக்குக் கொடுத்தால் தைத்துத் தருவார்.

கோடை முழுக்க நைலான், இல்லையென்றால் ரப்பர். நைலானைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசி ஆணியில் தொங்கவிட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

வீட்டிலேயே வார் மாற்றலாமா?

தாராளமாக. வாரைப் பிடித்திருப்பது உள்ளே ஸ்ப்ரிங் வைத்த சின்னப் பின். அதன் நுனியில் இருக்கும் தோளைக் கவைபோன்ற டூலால் பிடித்து உள்ளே தள்ளினால் கழன்றுவரும். அந்த டூல் நூறு, இருநூறு ரூபாய்தான். லக்கின் உள்பக்கம் செல்லோ டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கீறல் விழாது. வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் செய்யுங்கள், ஏனென்றால் பின் தெறிக்கும், மொசைக் தரையில் விழுந்தால் கிடைக்காது. புது வார் மாட்டியதும் 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். பிறகு வாரை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டே கையில் கட்டுங்கள்.

ஏ158 செயின் தொளதொளவென்று இருக்கிறது, முடியையும் பிடித்து இழுக்கிறது.

கண்ணி கழற்ற வேண்டியதில்லை. கொக்கிக்கு அடியில் ஒரு சின்னத் தகடு மடங்கியிருக்கும். மெல்லிய ஸ்குரூடிரைவரை அதன் இடுக்கில் விட்டு நெம்பினால் தூக்கும். கொக்கியை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, தகட்டை அழுத்தி மூடுங்கள். இரண்டு நிமிட வேலை. முடி இழுப்பது பெரும்பாலும் தொளதொளப்பால் வருவது. ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கினால் குறைந்துவிடும்.

போலி எஃப்-91டபிள்யூவை எப்படிக் கண்டுபிடிப்பது?

வலது பக்கப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் அசலில் திரையில் கேசியோ என்ற பெயர் ஆங்கில எழுத்தில் வரும். இதை மட்டும் நம்பிவிடாமல் பின்மூடியில் 593 என்ற எண் சுத்தமாகப் பொறித்திருக்கிறதா, திரையைச் சாய்த்துப் பார்த்தால் எண்கள் மங்காமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தால் சோதனையே தேவையில்லை.

'வாட்டர் ரெசிஸ்ட்' என்று இருக்கிறதே, குளிக்கலாமா?

ஆழம் எதுவும் போடாமல் அந்தச் சொல் மட்டும் இருந்தால் கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். 30 மீட்டர் என்று போட்டிருந்தாலும் கிணற்றில் குதிக்க அனுமதி இல்லை. நீச்சலுக்கு 100 மீட்டர் பாருங்கள். சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி.யைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

செல் மாற்றிய பிறகு கேசியோ திரையில் கன்னாபின்னாவென்று வருகிறது. போய்விட்டதா?

இல்லை. பின்மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றினால் செல்லுக்குப் பக்கத்தில் 'ஏசி' என்று ஆங்கிலத்தில் பொறித்த ஒரு புள்ளி இருக்கும். புது செல் போட்டதும் அந்தப் புள்ளியையும் செல்லின் மேல்புறத்தையும் சிறு சாமணத்தால் ஓரிரு நொடி ஒருசேரத் தொட வேண்டும். திரை முதலிலிருந்து தொடங்கும். மூடும்போது ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், அது பிதுங்கினால் தண்ணீர் போகும்.

பெண்களுக்கு?

'லேடீஸ்' பிரிவோடு நின்றுவிட வேண்டாம். 34, 35 மி.மீ. பழைய ஆண்கள் வாட்ச் பெண்கள் கையில் இன்னும் எடுப்பாக இருக்கும். எஃப்-91டபிள்யூவும் அப்படியே. கேசியோ எல்ஏ670 குட்டியாக அழகாக இருக்கும், ஆனால் வார் மாற்ற நினைத்தால் பொருத்தமானது கிடைப்பது அரிது. செயினோடே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் வாங்கலாம்.

வாட்ச்சோடு வந்த பழைய செயினை எறிந்துவிடலாமா?

வேண்டாம். அந்தக் கேஸின் வளைவுக்கென்றே செய்த ஓரத் துண்டு வேறு செயினில் கிடைக்காது, பின்னால் விற்கும்போதும் செயினோடு இருந்தால் விலை கூடும். பல்துலக்கும் பிரஷால் சோப்புப் போட்டுத் தேய்த்து, துடைத்து, பின்களையும் சேர்த்து ஒரு ஜிப் கவரில் போட்டு, எந்த வாட்ச்சுக்குரியது என்று மேலே எழுதி வையுங்கள்.